ஆட்டம் இலவசம்... கடை உள்ளே!

பிள்ளைகள் ஆடும் நேரத்தைக் கணக்குப் பார்க்கும் பெற்றோருக்கு, பணத்தைக் கணக்குப் பார்க்கச் சொல்லி ஒரு கல்லூரி மாணவன் எழுதுவது

ஒரு நாளைக்கு 7,000 ரூபாய். 2021 ஜூலையில் ‘பேட்டில்கிரவுண்ட்ஸ் மொபைல் இந்தியா’, அதாவது பப்ஜியின் இந்திய வடிவமான எங்கள் பி.ஜி.எம்.ஐ., வந்தபோது, 18 வயது ஆகாதவர்கள் ஆட்டத்துக்குள் செலவழிக்க அதை நடத்தும் நிறுவனம் வைத்த உச்சவரம்பு இது. கூடவே இன்னொரு வரம்பும் இருந்தது. நாளைக்கு 3 மணி நேரத்துக்கு மேல் ஆடக் கூடாது. வீட்டில், டீக்கடையில், டி.வி. விவாதத்தில் எல்லோரும் பிடித்துக்கொண்டது அந்த 3 மணி நேரத்தைத்தான். “மூணு மணி நேரமா? புள்ளைங்க உருப்பட்ட மாதிரிதான்!” 7,000 ரூபாயைப் பற்றி ஒருவரும் வாய் திறந்ததாக எனக்கு நினைவில்லை. என் அப்பா விருதுநகரில் ஒரு பருப்பு மில்லில் கணக்கு எழுதுகிறவர். பள்ளிக்கூடத்துப் பையன் ஒருவன், எந்த விதியையும் மீறாமல், அவருடைய மாதச் சம்பளத்தை மூன்றே நாளில் காலி செய்துவிடலாம்.

நான் மதுரைப் பக்கம் ஒரு பொறியியல் கல்லூரியில் கணினி அறிவியல் மூன்றாம் ஆண்டு. விடுதி வாசம். போன் என் கைக்கு வந்தது பத்தாம் வகுப்பில், கொரோனா காலத்து ஆன்லைன் கிளாஸுக்காக. பரீட்சையே எழுதாமல் மொத்த வகுப்பும் பாஸான வருஷம் அது. பாடம் எவ்வளவு ஏறியதோ தெரியாது, பப்ஜி நன்றாக ஏறியது. அந்த 2020 செப்டம்பரில்தான் பப்ஜி உட்பட 118 செயலிகளை மத்திய அரசு தடை செய்தது. 2022 பிப்ரவரியில் ஃப்ரீ ஃபயர் போனது. அதே ஆண்டு ஜூலையில் பி.ஜி.எம்.ஐ.யும் ப்ளே ஸ்டோரிலிருந்து காணாமல் போய், 2023 மே கடைசியில் திரும்பி வந்தது. எங்கள் வயசுப் பையன்கள் செய்திச் சேனல் பக்கம் ஒதுங்கியதே இந்தத் தடைகளைத் தெரிந்துகொள்ளத்தான்.

இந்த ஐந்து வருஷத்தில் எங்களைப் பற்றிப் பெரியவர்கள் பேசியதெல்லாம் நேரத்தைப் பற்றியே. எவ்வளவு நேரம் ஆடுகிறான், எப்போது தூங்குகிறான், கண் கெடுமா, மார்க் குறையுமா. தப்பான கேள்விகள் இல்லை. ஆனால் ஆட்டத்துக்குள் ஒரு கடை இருக்கிறது. எங்கள் கையில் இருக்கும் போனுக்குள் அதைவிடப் பெரிய கடை இருக்கிறது. அந்தக் கடைக்குள் எட்டிப் பார்த்த பெரியவர்களை நான் அதிகம் கண்டதில்லை.

கட்டை விரலில் பவுடர்

முதலில் ஆட்டத்தைப் பற்றி நாலு நல்ல வார்த்தை. ராத்திரி மெஸ் முடிந்து ஒன்பதரைக்கு எங்கள் தளத்தில் ஓர் அறை நிரம்பிவிடும். ஒருவன் கட்டை விரல்களில் முகத்துக்குப் போடும் பவுடரைத் தேய்ப்பான். இல்லாவிட்டால் வேர்த்த விரல் திரையில் வழுக்காமல் ஒட்டும். இன்னொருவன் விரலுக்குத் துணி உறை மாட்டுவான். போன் சூடேறினால் படம் தடுக்கித் தடுக்கி ஓடும் என்பதால் ஒருவன் பின்பக்கம் குட்டி ஃபேன் ஒன்றைக் கவ்வ வைத்திருப்பான். விடுதி வைஃபையில் ஆட்டம் திறக்காது, அதை அடைத்து வைத்திருக்கிறார்கள். எல்லாம் சொந்த டேட்டா. “டேய், பிங் நூத்தம்பது போகுது, ஜன்னல் பக்கம் தள்ளு” என்று கட்டிலுக்காகச் சண்டை நடக்கும். பிங் என்பது நம் தட்டல் சர்வருக்குப் போய்த் திரும்பும் நேரம், மில்லிசெகண்டில். 40 என்றால் சொர்க்கம். 150 என்றால் நாம் சுடுவதற்குள் எதிராளி சுட்டுவிட்டுப் போயிருப்பான்.

இந்த ஆட்ட வகையை உலகுக்குப் பழக்கியவர்களில் முக்கியமானவர் பிரெண்டன் கிரீன் என்ற அயர்லாந்துக்காரர். ‘பிளேயர்அன்னோன்’ என்பது அவர் வைத்துக்கொண்ட புனைபெயர். பப்ஜியின் முதலெழுத்துகளிலேயே அது இருக்கிறது. நூறு பேர் ஒரு தீவில் வெறுங்கையோடு குதித்து, கிடைத்ததைப் பொறுக்கி, கடைசிவரை நிற்க வேண்டும். வட்டம் சுருங்கச் சுருங்க ஒளிய இடம் குறையும். நாலு பேர் அணியில் யார் முன்னால் போவது, யார் புகைக்குண்டு போடுவது, விழுந்தவனைத் தூக்க யார் திரும்புவது என்று நொடிக்கு நொடி முடிவெடுக்க வேண்டும். எங்கள் வகுப்பில் வாயே திறக்காத பையன் ஒருவன் அங்கே அணித் தலைவன். அவன் குரல் கணீரென்று இருக்கும் என்பது எங்களுக்குத் தெரிந்ததே அங்கேதான். வன்முறை ஆட்டம்தானே என்பார்கள். ஆமாம், வன்முறைதான். தம்பி, தங்கச்சி பார்க்கும் இடத்தில் ஆட வேண்டியதில்லை.

எங்கள் அத்தை மகன் தினமும் நாலைந்து மணி நேரம் போனில் செஸ் ஆடுகிறான். அவனை யாரும் திட்டுவதில்லை. 2024 டிசம்பரில் குகேஷ் உலக சாம்பியன் ஆன பிறகு அவனுக்கு இரவில் பால் வேறு வருகிறது. அதே திரை, அதே கண், அதே தூக்கக் கேடு. நேரம்தான் குற்றம் என்றால் அவனையும் சேர்த்தல்லவா திட்ட வேண்டும்?

சூது வேறு, ஆட்டம் வேறு

ரம்மியையும் எங்களையும் ஒரே மூட்டையில் கட்டுவது எனக்கு எரிச்சல். பணம் வைத்து ஆடும் ரம்மியால் தமிழ்நாட்டில் குடும்பங்கள் சிதைந்தன, உயிர்கள் போயின. 2020இல் அவசரச் சட்டம், 2021இல் அதன் தொடர்ச்சியான சட்டத்தைச் சென்னை உயர் நீதிமன்றம் ரத்து செய்தது, 2022இல் நீதிபதி சந்துரு குழு, அதை வைத்துப் புதிய சட்டம், ஆளுநர் திருப்பி அனுப்பியது, பேரவை மறுபடி நிறைவேற்றியது, 2023 ஏப்ரலில் ஒப்புதல், நவம்பரில் ‘ரம்மியும் போக்கரும் திறமை ஆட்டம்’ என்ற தீர்ப்பு... இந்த இழுபறியை வாசகர்கள் அறிவார்கள். கடைசியில் 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் இரண்டே நாளில் ஒரு சட்டத்தை நிறைவேற்றியது. பணம் கட்டி, பணம் எதிர்பார்த்து ஆடும் எந்த ஆட்டத்தையும், திறமையா அதிர்ஷ்டமா என்ற பேச்சே இல்லாமல், நடத்தக் கூடாது. மீறினால் 3 ஆண்டு வரை சிறை, 1 கோடி ரூபாய் வரை அபராதம். ஆண்டுக்கு 45 கோடிப் பேர் சுமார் 20,000 கோடி ரூபாயை இழக்கிறார்கள் என்று அரசுத் தரப்பில் ஒரு மதிப்பீடு சொல்லப்பட்டது. விளம்பரம் தந்த பண ஆட்ட நிறுவனம் விலகியதால், அடுத்த மாதமே ஆசியக் கோப்பையில் இந்தியக் கிரிக்கெட் அணி நெஞ்சில் விளம்பரப் பெயர் இல்லாத சட்டையோடு ஆடியது.

தொழில் போச்சு, வேலை போச்சு என்று புலம்பினார்கள். எனக்குப் பரிதாபம் வரவில்லை. என் அறைக்குப் பக்கத்து அறையில் செமஸ்டர் ஃபீஸை ஒரே ராத்திரியில் விட்டவன் இருந்தான்.

அந்தச் சட்டம் இ-ஸ்போர்ட்ஸைத் தனியாக அங்கீகரிக்கிறது. நல்லது. 2023இல் ஹாங்சோவில் நடந்த ஆசிய விளையாட்டுப் போட்டியில் அதற்குப் பதக்கமே கொடுத்தார்கள். ஆனால் “நான் புரோ பிளேயர் ஆகப்போறேன்” என்று அரியர் வைக்கும் நண்பர்களிடம் நான் சொல்வது வேறு. கபடியில் மாநில அணிக்குப் போகிறவன் எத்தனை பேரில் ஒருவனோ, இதிலும் அப்படித்தான். அரியரை முடிடா.

இந்தச் சட்டம் ஒரு கோடு போட்டது. பணம் ஜெயிக்கும் ஆசை காட்டினால் குற்றம். ஆசை பணத்தின் மேல் இல்லாமல் ஒரு சட்டையின் மேல், ஒரு துப்பாக்கி உறையின் மேல் இருந்தால் குற்றமில்லை. எங்கள் பாக்கெட்டில் கை விடுகிறவர்கள் கோட்டின் இந்தப் பக்கம் பத்திரமாக நிற்கிறார்கள்.

பெட்டிக்குள் என்ன?

விருதுநகர் பங்குனிப் பொங்கல் பொருட்காட்சியில் வளையம் வீசும் கடை உண்டு. காசு கொடுத்தால் கையில் வளையம். எதன் மேல் விழுகிறதோ அது நமக்கு. சோப்பு டப்பா விழும், கைக்கடிகாரம் விழவே விழாது. ஆனால் அங்கே கடைக்காரர் முகம் தெரியும். காசு தீர்ந்தால் அம்மா கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்விடுவாள். ஆட்டத்துக்குள் இருக்கும் ‘கிரேட்’ பெட்டி இதே கடைதான், அம்மா மட்டும் இல்லை.

உள்ளே போய்ப் பார்ப்போம். முதலில் ரூபாய் மறைகிறது. ரூபாயைக் கொடுத்து யுசி, டைமண்ட் போன்ற ஆட்டக் காசை வாங்க வேண்டும். ஒரு சட்டை என்ன விலை என்று கேட்டால் எங்கள் பையன்களுக்கு யுசியில்தான் தெரியும், ரூபாயில் தெரியாது. அடுத்து, பொதிகளின் அளவு. நீங்கள் விரும்பும் பொருளின் விலைக்குச் சரியாக எந்தப் பொதியும் பெரும்பாலும் பொருந்தாது. பெரியதை வாங்கினால் கொஞ்சம் மிச்சம் நிற்கும். அந்த மிச்சத்தை வீணாக்க மனசு வராமல் இன்னொரு பொதி. சில்லறை இல்லை என்று மிட்டாய் கொடுக்கும் பெட்டிக்கடைக்காரரோடு சண்டை போடும் நாம் இங்கே வாயை மூடிக்கொண்டு வாங்குகிறோம்.

பிறகு பெட்டி. ஒரு கணக்கு சொல்கிறேன், இரண்டாம் ஆண்டு நிகழ்தகவுப் பாடம்தான். ஓர் அரிய துப்பாக்கி உறை கிடைக்கும் வாய்ப்பு 1 சதவீதம் என்று வையுங்கள். “நூறு பெட்டி திறந்தா ஒண்ணு கேரண்டிடா” என்பது விடுதி நம்பிக்கை. உண்மையில் ஒவ்வொரு முறையும் கிடைக்காமல் போகும் வாய்ப்பு 0.99. அதை நூறு முறை பெருக்கினால் 0.366. நூறு பேர் ஆளுக்கு நூறு பெட்டி திறந்தால், சராசரியாக 36, 37 பேர் வெறுங்கையோடு எழுந்திருப்பார்கள். பெட்டி 40 ரூபாய் என்று வைத்தால், ஆளுக்கு 4,000 ரூபாய் கொடுத்துவிட்டு. இந்தப் பாடத்தில் ‘ஓ’ கிரேடு வாங்கியவனே பெட்டியைத் திறக்கும்போது கண்ணை மூடிச் சாமி கும்பிடுகிறான்.

வாய்ப்பு விகிதத்தை எங்கேயோ ஒரு மூலையில் போட்டிருப்பார்கள். தேடித் தட்டினால் வரும். ‘திற’ என்ற பட்டன் மட்டும் திரை நடுவில் தங்க நிறத்தில் துடிக்கும்.

இந்த உறைகளால் குண்டு பலமாகப் பாயாது, அது வெறும் அழகு, வாங்கச் சொல்லி யார் கட்டாயப்படுத்தினார்கள் என்று கேட்கலாம். ஆட்டம் தொடங்குமுன் கூடும் லாபியில் நாலு பேர் நிற்கும்போது ஒருவன் மட்டும் ஆட்டம் கொடுத்த ஓசிச் சட்டையில் நின்றால் அவனை ‘பாட்’ என்பார்கள், கம்ப்யூட்டரே ஓட்டும் பொம்மை என்று அர்த்தம். பத்தாம் வகுப்புப் பையனுக்கு அது எப்படி இருக்கும் என்பது, தீபாவளிக்குத் துணி எடுக்காமல் பள்ளிக்கூடம் போனவர்களுக்குத் தெரியும்.

உலகத்தில் மற்றவர்கள் சும்மா இருக்கவில்லை. பெட்டிகளில் கிடைப்பதைச் சேர்த்துச் சேர்த்து ஒரு முழு வரிசையை முடித்தால் பெரிய பரிசு என்ற வகையை ஜப்பான் 2012லேயே நிறுத்தியது. பெல்ஜியம் 2018இல் இந்தப் பெட்டிகளைச் சூதாட்டம் என்றே அறிவித்தது. சீனா 2017இல் வாய்ப்பு விகிதத்தை வெளியிடச் சொன்னது. ஆனால் அந்த நாட்டைப் பற்றி நம் ஊரில் எல்லோருக்கும் தெரிந்தது 2021இல் பிள்ளைகளுக்கு வாரம் 3 மணி நேரம் என்று வைத்த விதி மட்டும்தான். மறுபடியும் நேரம்! அமெரிக்காவில் ‘ஃபோர்ட்நைட்’ நடத்தும் எபிக் கேம்ஸ் 2022 டிசம்பரில் 52 கோடி டாலர் கட்ட ஒப்புக்கொண்டது. அதில் 24.5 கோடி, தவறிப் பட்ட ஒரு பட்டனிலேயே காசு போகும்படி கடையை அமைத்ததற்காக. தூங்கிப்போன திரையை எழுப்பத் தட்டினால்கூடப் பொருள் வாங்கியதாகிவிடும் என்று அந்நாட்டு வர்த்தக ஆணையம் குற்றம் சாட்டியிருந்தது. ஐரோப்பிய ஒன்றியத்தின் நுகர்வோர் அமைப்புகள் 2025 மார்ச்சில், ஆட்டக் காசில் விலை போட்டால் பக்கத்திலேயே நிஜப் பணத்திலும் போட வேண்டும் என்று நெறிமுறை வெளியிட்டன.

நம்மிடமும் ஆயுதம் இருக்கிறது. 2023 நவம்பர் 30இல் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் ‘டார்க் பேட்டர்ன்’ எனப்படும் ஏமாற்று வடிவமைப்புகள் 13 வகையைத் தடை செய்து வழிகாட்டு நெறி போட்டது. ‘இன்னும் 5 நிமிஷம்தான்’ என்று பொய்யாக அவசரப்படுத்துவது, வேண்டாம் என்பவனை அவமானப்படுத்துவது, விட்டு வெளியே போக முடியாமல் சுற்ற வைப்பது எல்லாம் அதில் வருகின்றன. படித்துப் பார்த்தால், எங்கள் ஆட்டத்தின் கடைத்தெருவை ஒருவர் சுற்றிப் பார்த்துவிட்டு வந்து எழுதியது போலவே இருக்கிறது.

போனும் கடைதான்

2018 ஏப்ரலில் ஷாவ்மி நிறுவனர் லெய் ஜுன் ஒரு வாக்குறுதி கொடுத்தார். போன் முதலான சாதனங்களில் 5 சதவீதத்துக்கு மேல் நிகர லாபம் எடுக்க மாட்டோம் என்றார். கைதட்டல். பிறகு எதில் சம்பாதிப்பது? இணையச் சேவைகளில், அதில் முக்கியமாக விளம்பரத்தில். அவர் ஒளிக்கவில்லை, வெளிப்படையாகவே சொன்ன வியாபாரம் அது. எங்கள் விடுதியில் பெரும்பாலான போன்கள் பதினைந்தாயிரம் ரூபாய்க்குள். புதுப் போனைப் பிரித்துத் திறந்தால் நாம் கேட்காத செயலிகள் வரிசையாக உட்கார்ந்திருக்கும், சிலவற்றை நீக்கவும் முடியாது. பூட்டுத் திரையில் விளம்பரம். ஃபைலைத் தேடினால் விளம்பரம். ஒரு போனில் கால்குலேட்டர் பக்கத்திலேயே ‘புது கேம்’ என்று சிவப்புப் புள்ளி மினுக்கியது. போனின் விலையில் ஒரு பங்கை நாம் கடையில் கட்டுகிறோம், மிச்சத்தைத் தினமும் கண்ணால் கட்டுகிறோம்.

விலை உயர்ந்த போனில் இந்தத் தொல்லை குறைவு. அதற்கு ஆயுளும் அதிகம். கூகுள் 2023இல் பிக்சல் 8க்கும், சாம்சங் 2024இல் எஸ்24க்கும் 7 ஆண்டு அப்டேட் என்று அறிவித்தன. எங்கள் போன்களில் பலவற்றுக்கு இரண்டு வருஷம் கிடைத்தால் அதிர்ஷ்டம். காசு இல்லாதவன்தான் போனை அதிக நாள் வைத்திருக்கிறான். அவன் போன்தான் சீக்கிரம் கிழடாகிறது. போன வருஷம் என் போனில் சார்ஜ் நிற்கவில்லை. சென்னை ரிச்சி தெருவில் ஒரு அண்ணன் திறந்து பார்த்துவிட்டுச் சொன்னார்: “தம்பி, பேட்டரி மட்டும்தான் போயிருக்கு. மாத்திட்டா இன்னும் மூணு வருஷம் ஓடும். ஆனா கம்பெனிக்காரன் ஒட்டியிருக்கான் பாரு பசை, அதைப் பிரிக்கிறதுக்குத்தான் கூலி.” மாற்றினார். ஓடுகிறது.

ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஒரு போன் தொழிற்சாலையில் எங்கள் பெரியப்பா மகள் வேலை பார்க்கிறாள். ஒரு ஷிப்டு முழுக்க அவள் கை படும் போன்களில் ஒன்றை வாங்க அவளுக்குப் பல மாதச் சம்பளம் வேண்டும். அவளும் விளம்பரம் ஓடும் போன்தான் வைத்திருக்கிறாள். ‘தமிழ்நாட்டில் தயாரான ஐபோன்’ என்று நாம் பெருமைப்படும்போது அவள் சிரிப்பாள், கோபமெல்லாம் இல்லை.

டேட்டா பற்றி ஒரே ஒரு புகார். மாதத்துக்கு 28 நாள் என்று கண்டுபிடித்தவருக்குச் சிலை வைக்க வேண்டும். வருஷத்துக்குப் பன்னிரண்டு அல்ல, பதின்மூன்று ரீசார்ஜ். மாதம் முழுக்க வரும் திட்டம் ஒன்றாவது வைத்தே ஆக வேண்டும் என்று தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2022இல் சொன்னது, வைத்தார்கள். தேடிக் கண்டுபிடித்தவர்கள் கை தூக்கவும்.

வாங்கியது யாருடையது?

என் அறைத்தோழனின் கணக்கு ஒருநாள் காலையில் முடங்கியது. விதிமீறல் என்று ஒரு வரி. எந்த விதி, என்ன மீறல் என்று கேட்டு அவன் எழுதிய மின்னஞ்சல்களுக்கு ஒரே பதில் திரும்பத் திரும்ப வந்தது, மனுஷன் எழுதியது மாதிரி இல்லை. மூன்று வருஷமாக அவன் வாங்கிச் சேர்த்த சட்டை, உறை எல்லாம் உள்ளே மாட்டிக்கொண்டன. நுகர்வோர் நீதிமன்றம் போகலாமே என்றேன். “என்னன்னு சொல்லிப் போறது? சட்டை தொலைஞ்சுபோச்சுன்னா? எந்தச் சட்டைம்பாங்க” என்றான்.

அவன் கேட்டது நியாயமான கேள்வி. நாங்கள் ‘வாங்கும்’ எதுவும் எங்களுடையதில்லை. நிறுவனம் அனுமதிக்கும்வரை பயன்படுத்தும் உரிமம் மட்டுமே. யுபிசாஃப்ட் ‘தி க்ரூ’ என்ற கார் பந்தய ஆட்டத்தின் சர்வரை 2024 மார்ச் 31இல் நிறுத்தியதும், காசு கொடுத்து வாங்கியவர்கள் கையிலும் அது செத்துப்போனது. அதிலிருந்து கிளம்பியதுதான் ஐரோப்பாவில் 10 லட்சம் கையெழுத்தைத் தாண்டிய ‘ஸ்டாப் கில்லிங் கேம்ஸ்’ இயக்கம். கலிஃபோர்னியாவில் 2025 ஜனவரி முதல், உரிமத்தை மட்டும் விற்றுவிட்டு ‘வாங்கு’ என்று பட்டன் போட்டால், அது உரிமம்தான் என்று தெளிவாகச் சொல்ல வேண்டும். நம் ஊரில் பட்டன் இன்னும் பட்டனாகவே இருக்கிறது.

பெற்றோருக்கு ஒரு வழி சொல்லித் தருகிறேன், என் நண்பர்கள் என்னை மன்னிக்க வேண்டும். ப்ளே ஸ்டோரைத் திறந்து மேலே வட்டத்தில் இருக்கும் படத்தைத் தட்டுங்கள். ‘பேமென்ட்ஸ் அண்ட் சப்ஸ்கிரிப்ஷன்ஸ்’, அதற்குள் ‘பட்ஜெட் அண்ட் ஹிஸ்டரி’. அந்தக் கணக்கில் வாங்கியது எல்லாம் தேதியோடு, ரூபாயில் இருக்கும். வெளி இணையதளத்தில் டாப்-அப் செய்தது இதில் வராது, அதற்கு யுபிஐ வரலாற்றைப் பார்க்க வேண்டும். பார்த்துவிட்டுப் போனைப் பிடுங்காதீர்கள். “இது என்னப்பா, இந்தத் தேதியில 799?” என்று கேளுங்கள். என் அப்பாவிடம் என் கணக்கைக் காட்டினேன். அவர் தொழில்முறைக் கணக்கர். மேலிருந்து கீழே விரலை ஓட்டிவிட்டு, “வரவுப் பக்கம் எங்கடா?” என்றார்.

கணக்குப் பார்ப்பது பெற்றோர் வேலை மட்டுமல்ல. ரம்மிக்காக வந்த அந்தத் தமிழ்நாட்டுச் சட்டத்தின் பெயரிலேயே இரண்டு வேலை இருக்கிறது: இணையவழிச் சூதாட்டத்தைத் தடை செய்வது, இணையவழி விளையாட்டுகளை ஒழுங்குபடுத்துவது. அதற்காக அமைத்த ஆணையம் 2025 பிப்ரவரியில் விதிகள் கொண்டுவந்தது. பண ஆட்டங்களுக்கு ஆதார் சரிபார்ப்பு, 18 வயதுக்குக் கீழ் அனுமதியில்லை, நள்ளிரவு 12 முதல் காலை 5 வரை ஆட்டமே கிடையாது. அந்த ஆண்டு ஜூனில் உயர் நீதிமன்றமும் அவற்றை ஏற்றது. இரண்டே மாதத்தில் மத்தியச் சட்டம் வந்து பண ஆட்டத்தையே மூடிவிட்டதால், அந்த விதிகளுக்கு இப்போது வேலை அதிகமில்லை. இரண்டாவது வேலை அப்படியே கிடக்கிறது. பொருளின் விலையை ரூபாயில் போடு, பெட்டியின் வாய்ப்பு விகிதத்தைத் ‘திற’ பட்டனின் மேலேயே எழுது, 18 வயதுக்குக் கீழ் என்றால் பெட்டியே விற்காதே, கணக்கை முடக்கினால் காரணம் சொல்லி மேல்முறையீட்டுக்கு ஒரு மனுஷனை வை. இந்த நாலைக் கேட்க மாநிலச் சட்டம் போதாது என்று ஆணையம் சொன்னால், டெல்லிக்கு எழுதட்டும். எங்கள் விடுதியிலிருந்து கையெழுத்துப் போட முந்நூறு பேர் வருவோம், ஒன்பதரைக்கு முன்னால் கூப்பிட்டால்.